ஒப்பீட்டுக்கு ஒருத்தி

காலை ஆறரைக்குக் கோண்டாவில் ஒழுங்கையில்
என் ஸ்கூட்டி நின்றால் நாய் குரைப்பதில்லை.
படலைக்கு மேலால் ஒரு கை நீளும்.
கறுப்புப் பைக்குள் சுற்றிய குழாய்.
"இண்டைக்குக் கொஞ்சம் இளக்கம், பிள்ளை."
பதினேழாம் எண் என்னோடு கதைப்பது
பெரும்பாலும் அவ்வளவுதான்.

இருபத்தெட்டு வருடம் வங்கியில் காசெண்ணியவர்.
கள்ளுக்கூடத் தொட்டறியாதவர்.
ஸ்கான் கடதாசியில்
ஈரலில் கொழுப்பு என்று வந்த நாளிலிருந்து
ஊர் அவர் மூச்சை மணந்து பார்க்கிறது.
"எங்கை ஒளிச்சு வைச்சுக் குடிச்சனீங்கள்?"
என்று கோயில் வீதியில் ஒருவர் கேட்டாராம்.
மனைவி அலுமாரிக்குப் பின்னால் தேடினாராம்.
மொழியும் அவருக்குக் கைகொடுக்கவில்லை:
கொழுப்பென்றால் திமிர்.
அந்த மனிதரிடம் திமிர்
மருந்துக்கும் கிடையாது.

கோப்பாய்ப் பாலத்தில் உப்புக்காற்று.
காலடியில் ஐஸ்பெட்டி, அதற்குள் பதினொரு குழாய்,
ஒவ்வொன்றிலும்
திருநெல்வேலிச் சந்தையைத் தோற்கடிக்கும் சனம்.
கண்ணுக்குத் தெரியாத கடைகள், தரகர்கள், கடன்காரர்.
குடற்சுவர் எங்காவது இளகினால்
சந்தைக் குப்பை முழுதும்
நேரே ஈரலின் வாசலுக்குத்தான் போகும்.

கைதடியில் இறக்கி, எண் ஒட்டி, உறையவைப்பேன்.
கரண்ட் போனால் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நிற்பேன்.

பாதிப் பேருக்குக் கீழ்க்காய்நெல்லி,
பாதிப் பேருக்குப் பச்சை சேர்த்த தவிடு.
ஒரே நிறக் குளிசை, ஒரே போத்தல்.
யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது,
பேராசிரியருக்கும் தெரியாது.
விடை கொழும்பில் ஓர் உறைக்குள் ஒட்டியிருக்கிறது.
இலைக்கு மேலே ஒன்றுமில்லை என்று காட்டி
அடியில் காய்களை வரிசையாக வைத்திருக்கும் செடி
இந்த வேலைக்கென்றே பிறந்தது.

வைகாசியில்,
ஒப்பீட்டுக்கு நலமானவர் பன்னிரண்டு பேர் வேண்டும்,
ஒருவர் குறைந்தார்.
"நீர் மெலிவுதானே, படும்"
என்றார் டொக்டர் மயூரதி.
வயிற்றில் ஜெல் குளிர்ந்தது.
மகனின் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர்
வலது விலாவுக்குக் கீழே
கருவியை இன்னொரு முறை அழுத்தினார்.
கதை நின்றுபோனது.
அந்த மௌனம் எனக்குத் தெரியும்,
இதுவரை நான் கட்டிலுக்கு மற்றப் பக்கம் நின்றேன்.

திரையில் என் ஈரல்
சிறுநீரகத்தைவிட வெளிச்சமாய் இருந்தது.
வெளிச்சம் நல்லதென்று
வேறெங்கேனும் நம்பிக்கொள்ளலாம்.
"இரண்டாம் தரம்."

நலமானோர் பட்டியலில் என் பெயரை நானே வெட்டினேன்.
நோயாளர் பட்டியலிலும் இடமில்லை,
பணியாளர் சேரக்கூடாது. நாலாம் பக்கம்.
அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

ஆய்வுகூடச் சுவரோரம்
ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில்
யாரும் விதைக்காத ஒரு கீழ்க்காய்நெல்லி.
மூன்று நாள் பார்த்துக்கொண்டே போனேன்.
நாலாம் நாள் குனிந்து ஓர் இலைக்காம்பைத் திருப்பினேன்.
காய்கள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக.
பிடுங்கி அரைத்துக் குடித்தால்
ஒருவரும் கேட்கப்போவதில்லை.
ஆனால் அது நம்பிக்கை.
நான் சம்பளம் வாங்குவது சந்தேகப்படுவதற்கு.
கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

திங்கள் காலை, கேள்விக்கொத்து.
"போன மூண்டு நாளும் என்ன சாப்பிட்டீங்கள்?"
பதினேழாம் எண் ஒழுங்காகச் சொன்னார்:
குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை,
ஒரு கோப்பை மோர், பாண் விட்டாச்சு.
பிறகு, நாய்க்குத் தண்ணீர் வைத்தபடி,
"நீர் என்ன சாப்பிட்டனீர்?"

வழமையாகச் சிரித்துவிட்டு
அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.
அன்று சொன்னேன்.
விடிய வெறும் தேத்தண்ணி, மூன்று கரண்டி சீனி.
மத்தியானம் மறந்துபோனேன்.
இரவு கொத்து, இரண்டு இரவும்.
இப்ப வரேக்கை இருபாலைச் சந்தியிலை ரோல்ஸ்.

அவர் புத்தி சொல்லவில்லை.
"எத்தினை?" என்றார்,
நோட்டுக்கட்டைக் கையில் வைத்திருப்பவர் போல.
"அதையும் எழுதும்."

படிவத்தில் எனக்குக் கட்டமில்லை.
பின்பக்கம் திருப்பி எழுதினேன்:
ரோல்ஸ், இரண்டு.